கிணற்றடிக் குடைப்புல்

1

போன சனிக்கிழமை மத்தியானம், என் மகள் எட்டு மாதமாக வளர்த்த பூச்சாடி ஒன்றைக் காலால் உதைத்து உடைத்தேன். தவறிப்போய்க் கால் பட்டதல்ல. மூன்று முறை உதைத்தேன். முதல் உதையில் சாடி சரிந்தது. இரண்டாவதில் விளிம்பு பிளந்தது. மூன்றாவதில் சேறும் வேரும் வாசற்படியெல்லாம் சிதறின. பிறகு குனிந்து, அந்தப் பச்சைத் தண்டுகளைக் கைநிறையப் பிடித்து முறுக்கி முறித்தேன்.

நான் கோபக்காரன் அல்ல. மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சிறு பட்டணத்து ஆசுபத்திரியில் பத்தொன்பது வருஷமாகக் காயம் கட்டுகிறவன். ஈயச் சுரங்கத்தில் விரல் நசுங்கியவனும், ரப்பர்த் தோட்டத்தில் கத்தி வெட்டு வாங்கியவனும் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். வலியில் குழறுகிறவனை அதட்டாமல் கட்டுப் போடுகிறவன் என்று எனக்குப் பெயர்.

மகள் கமலத்துக்குப் பதின்மூன்று வயது. உடைந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"ஏம்பா உடைச்சீங்க?" என்று கேட்டாள்.

'ஏனப்பா உடைச்சனீங்கள்' என்று கேட்க அவளுக்கு வராது. பக்கத்து வீட்டார் தஞ்சாவூர்க்காரர். அவர்களுடைய தமிழ்தான் அவளுடைய தமிழ். அதுவும் வீட்டுக்குள் மட்டும். நான் கையில் ஒட்டியிருந்த சேற்றை வேட்டியில் துடைத்தேன். அவள் வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த மலாய்த் தோட்டக்காரன் பக்கம் திரும்பி, "கீலா" என்று மெதுவாகச் சொன்னாள். மலாய்ச் சொல். பைத்தியம் என்று அர்த்தம்.

இந்தப் பத்திரிகைக்கு நான் வழக்கமாக எழுதி அனுப்புவது இந்த நாட்டு மழையையும், சந்தையையும், நம்மவர் கட்டிய கோயிலின் திருவிழாவையும் பற்றி. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வாசிக்கிறவர்கள் நன்றாயிருக்கிறது என்று கடிதம் போடுவார்கள். இந்த முறை எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், நான்கு வருஷத்துக்கு முன் நடந்தது.

2

நான் முறித்தெறிந்த அந்தச் செடிக்கு நம் ஊரில் பெயர் கிடையாது. நாணல் போல ஒல்லியான தண்டு, ஆளின் மார்பளவு உயரும். கிளை இல்லை. உச்சியில் மட்டும் ஒடுங்கிய இலைகள் வட்டமாக விரிந்து, சீலை கிழிந்துபோன குடையின் கம்பிகளைப் போல நிற்கும். பூ என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பன்னிரண்டு மாதமும் பச்சை. இங்கே துரைமார் வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் சாடி வைத்து வளர்ப்பார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போனபோது, இங்கிருந்து வேரோடு ஒரு பிடி பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றி, பிஸ்கற் தகரத்துக்குள் வைத்துக் கொண்டுபோனேன். கொழும்புத் துறைமுகத்தில் ஓர் உத்தியோகத்தர் தகரத்தைத் திறந்து பென்சிலால் கிண்டிப் பார்த்தார். மருந்தா, சாப்பாடா, விதையா என்று கேட்டார். புல் என்றேன். அவருடைய கடதாசியில் புல்லுக்கு இடமில்லை. அரை மணித்தியாலம் யோசித்துவிட்டு, 'சொந்தப் பாவனைக்கு' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

கொண்டுபோனது அண்ணையின் மனைவி அன்னத்துக்கு. என் அண்ணை கந்தையா புகையிலைத் தோட்டக்காரர். அன்னம் எங்கள் மாமன் மகள், சின்ன வயது முதல் எனக்கு மச்சாள். முற்றம் முழுக்கக் குரோட்டன் சாடி வைத்து, இலை இலையாகத் தூசி துடைக்கிறவள்.

"இதென்ன மச்சான், கம்பியும் குடையுமாக் கிடக்கு?" என்று சிரித்தாள். குடைப்புல் என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

வளர்க்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன். மற்றச் செடிக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், இதற்குத் தேங்கத்தான் வேண்டும். ஓட்டை இல்லாத சாடி நல்லது. மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பாதியாக வெட்டி, குளத்துச் சேறு போட்டு அவள் நட்டாள். எங்கள் கிணற்று உவர் பிடித்து இலை நுனிகள் கருகின. கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டாள். பிறகு நான் இன்னொரு வித்தை காட்டினேன். குடைத் தலையைக் கொஞ்சம் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதிக்குக் குறைத்து, சட்டித் தண்ணீரில் தலைகீழாக மிதக்க விட்டேன். இரண்டு கிழமையில் இலைகளின் நடுவிலிருந்து வெள்ளை வேரும் புதுக்குருத்தும் வந்தன.

"தலைகீழாப் போட்டாலும் முளைக்குதே!" என்று அயலட்டைப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் கப்பலேறும்போது பதினொரு தகரத்தில் குடைப்புல் நின்றது. எனக்கு அது பெருமையாக இருந்தது.

3

நான்கு வருஷம் கழித்து மறுபடியும் லீவு கிடைத்தது. பிள்ளையின் படிப்புக் கெடக்கூடாது என்று மனைவியையும் மகளையும் இங்கே விட்டுவிட்டுத் தனியே போனேன்.

போய்ப் பார்த்தால் குடைப்புல் தகரங்களை விட்டு இறங்கியிருந்தது. குளிக்கிற தண்ணீர் ஓடும் ஈரத்தில் அன்னம் நாலைந்தை நட்டிருக்கிறாள். நிலத்துக்கடியில் அதன் வேர்க்கிழங்கு விரல் போல நீண்டு நீண்டு போகும். கிணற்றடியிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வாய்க்காலுக்குள் புகுந்து, முப்பதடி நீளத்துக்கு அடர்ந்து நின்றது. பார்க்க அழகுதான். வெளிர்மண் ஊரில் அப்படியொரு பச்சை.

அந்தக் கிணறு அன்னத்தின் அப்பாவுடையது. பாதிப் பங்கைச் சீதனமாக அன்னத்துக்கு எழுதினார், மற்றப் பாதி மகன் வேலுப்பிள்ளைக்கு. ஒருநாள் அண்ணைக்கு இறைப்பு, மறுநாள் வேலுப்பிள்ளைக்கு. வாய்க்கால் அண்ணையின் வளவுக்குள்ளால் போய்த்தான் வேலுப்பிள்ளையின் தோட்டத்தை அடையும். வேலுப்பிள்ளை எனக்கு மச்சான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் முதன்முதலாகக் கப்பலேறியபோது கொழும்பு வரைக்கும் வந்து வழியனுப்பியவன்.

நான் வந்து இரண்டாம் கிழமை, வேலியில் ஆள் நுழையும் பொட்டில் நின்று கூப்பிட்டான்.

"செல்லையா, நீ கொண்டுவந்த சாமான் என்ரை புகையிலையின்ரை தண்ணியைக் குடிக்குது" என்றான். பாதி பகிடியாகத்தான் சொன்னான். "நாலு மணித்தியாலம் இறைச்சும் கடைசி வரிசைக்குத் தண்ணி போய்ச் சேரேல்லை. அன்னத்திட்டைச் சொல்லு. நான் சொன்னால், அண்ணன் எண்டும் பாராமல் பாயிறாள்."

பங்குனி மாதம். அண்ணையின் புகையிலை வெட்டிக் குடிலுக்குள் தொங்கியது. வேலுப்பிள்ளை பிந்தி நட்டவன், அவனுடைய பயிர் கடைசித் தண்ணீருக்குக் காத்து நின்றது. சாப்பிடும்போது அண்ணையிடம் சொன்னேன்.

"வாய்க்கால் என்ரை வளவுக்குள்ளாலை போகுது" என்றார் அண்ணை. "என்ரை வளவுக்குள்ளை என்ன நிக்க வேணுமெண்டு உவன் ஆர் சொல்ல?"

"பிடுங்கிவிடுவம் அண்ணை. தகரத்திலை வைச்சாலும் நல்லா வளரும்."

"நீ லீவு முடியப் போயிடுவாய். நான் உவனோடை இஞ்சை கிடந்து சீவிக்க வேணும். இண்டைக்குப் புல்லைப் பிடுங்கச் சொல்லுவான். நாளைக்கு வேலியைப் பிடுங்கச் சொல்லுவான்."

அன்னம் கறிச்சட்டியை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

கொண்டுவந்தவன் நான். நானே இறங்கிப் பிடுங்கியிருக்கலாம். ஒரு காலைப்பொழுது வேலை. செய்யவில்லை. அயலவர்கள் வந்து, மலாயாவிலிருந்து தம்பி கொண்டுவந்த செடி என்று பார்த்துவிட்டுப் போவது எனக்கு இனித்தது.

4

அது வேலுப்பிள்ளையின் இறைப்பு நாள். காலை பத்து மணியிருக்கும். நான் கிணற்றடியில் கண்ணாடியைச் சாத்திவைத்து முகம் வழித்துக்கொண்டிருந்தேன். வேலுப்பிள்ளை கிணற்று ஏற்றமான துலாவில் இறைத்தான். தோட்டத்துக் கடைசியில் அவன் மனைவி பாக்கியம் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டினாள். இருபது பாகம், நூற்றிருபது அடி தள்ளி அண்ணை வேலியில் நடக் கதியால் தடிகள் வெட்டிக்கொண்டிருந்தார். கனத்த கத்தி. ஒரே வெட்டில் கிளை துண்டாகும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"தண்ணி வரேல்லையப்பா!" என்று பாக்கியம் மூன்றாம் தரம் கத்தினாள்.

வேலுப்பிள்ளை துலாக்கொடியை விட்டான். கிணற்றுக் கட்டில் ஒரு மண்வெட்டி சாத்தியிருந்தது. அதை அவன் தொடவில்லை. இதைக் கவனமாக வாசியுங்கள். வெறுங்கையோடு வாய்க்காலுக்குள் இறங்கி, குடைப்புல்லைப் பற்றைப் பற்றையாகப் பிடுங்கி எறியத் தொடங்கினான். கிழங்குகள் கிழியும் சத்தம் கேட்டது. சேறு என் முகத்தில் தெறித்தது.

அன்னம் குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அவனுடைய குடுமியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"விடடி!"

"என்ரை கையாலை நட்டதை நீ பிடுங்குவியோ? பிடுங்கு பாப்பம்!"

அவன் திமிறினான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். அன்னம் மல்லாந்து போய்த் துவைகல்லில் கையூன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் தொழிலில் அந்தச் சத்தம் பழக்கம். அவள் வீரிட்டாள்.

வேலுப்பிள்ளையின் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ, பிள்ளை" என்றான். சின்ன வயதில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். குனிந்து, தங்கச்சியைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினான்.

அண்ணை வந்தது எனக்குத் தெரியாது. கதியால் வெட்டும் சத்தம் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. முதல் வெட்டு வேலுப்பிள்ளையின் முதுகில், தோளுக்குக் கீழே விழுந்தது. அவன் திரும்பினான். இரண்டாவது வெட்டு தலைக்கு வந்தது. வலக்கையை உயர்த்தித் தடுத்தான். கத்தி முழங்கையில் இறங்கி, எலும்பைப் பிளந்து மறுபக்கம் வந்தது. கை விழவில்லை. தோலிலும் கொஞ்சத் தசையிலும் தொங்கியது. இரத்தம் துடித்துத் துடித்துப் பாய்ந்தது.

அண்ணை மூன்றாம் முறை ஓங்கினார். கண் சிவந்திருந்தது. அடுத்த வெட்டு கழுத்துக்கு என்று எனக்குத் தெரிந்தது.

கையில் அகப்பட்டது மண்வெட்டிதான். பிடியை முன்னுக்குப் பிடித்து, என் பலம் முழுவதையும் கூட்டி அண்ணையின் தோளில் அடித்தேன். கத்தி தெறித்துக் கிணற்றுக்குள் விழுந்தது. அண்ணை முழங்காலில் சரிந்தார். எழும்பப் பார்த்தார். அதே இடத்தில் இன்னுமொரு அடி போட்டேன்.

5

வேட்டித் தலைப்பைக் கிழித்து, முழங்கைக்கு மேலே சுற்றி, கதியால் துண்டொன்றைச் செருகி முறுக்கினேன். இரத்தம் நிற்கிற மட்டும் முறுக்கினேன். வேலுப்பிள்ளை என் முகத்தையே பார்த்தபடி, பல்லால் தன் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டான். முதுகுக் காயத்துக்குள் என் சால்வையை அடைத்தேன். வாய்க்காலில் ஓடிய தண்ணீர் சிவந்து, பிடுங்கிப் போட்ட புல்லில் முட்டி நின்றது.

"செல்லையா, கை இருக்கோ?" என்று கேட்டான்.

"இருக்கு, கதையாதை" என்றேன். இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சுன்னாகத்திலிருந்து வாடகைக் கார் வர முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. யாழ்ப்பாணப் பட்டணத்து ஆசுபத்திரியில் கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கட்டுப் போட்டது யார் என்று டாக்குத்தர் கேட்டார். சொன்னேன். தலையாட்டினார்.

பின்னேரம் திரும்பி வந்தபோது, சந்தியிலேயே புகை தெரிந்தது. பொலிசார் அண்ணையைக் கொண்டுபோன கையோடு, பாக்கியம் காய்ந்த ஓலைக் கற்றையைக் கொளுத்திக்கொண்டு வேலியைக் கடந்து வந்திருக்கிறாள். நேரே புகையிலைக் குடிலுக்குப் போய் நெருப்பு வைத்தாள். ஒரு வருஷத்து உழைப்பு முழுவதும் நான் வந்தபோது நெருப்புக் குவியலாகக் கிடந்தது. வேலி எரிந்து, குரோட்டன் சாடிகள் வெடித்து, வீட்டுக் கூரையின் ஒரு மூலை கருகியிருந்தது. அன்னம் முறிந்த கையைச் சேலையால் மார்போடு கட்டிக்கொண்டு, மற்றக் கையால் வாளி வாளியாகத் தண்ணீர் வீசினாள். பாக்கியம் ஓடவில்லை. முற்றத்தின் நடுவில் நின்றாள்.

"எரிச்சது நான்தான்" என்று திரும்பி வந்த பொலிசாரிடம் சொன்னாள். "விட்டால் வீட்டையும் எரிப்பன்."

அவளையும் கொண்டுபோனார்கள். வேலுப்பிள்ளையின் மூன்று பிள்ளைகளும் அளவெட்டியில் பாக்கியத்தின் தமக்கை வீட்டுக்குப் போனார்கள். கடைக்குட்டிக்கு அப்போது நாலு வயது.

6

வழக்கு எடுபடுமுன்னரே என் லீவு முடிவதாக இருந்தது. நீட்டித் தரும்படி இங்கே தந்தியடித்தேன். காரணத்தைக் குறிப்பிடவும் என்று பதில் வந்தது. குடும்ப அலுவல் என்றேன். என்ன அலுவல், யாருடைய அத்தாட்சி என்று கேட்டுக் கடிதம் வந்தது. கிராமத் தலைவரான விதானையாரிடம் ஒரு கடதாசி வாங்கி, அரசாங்கக் கச்சேரியில் முத்திரை குத்தி அனுப்பினேன். இரண்டு மாதம் தந்தார்கள், அதற்குமேல் ஒருநாள் பிந்தினாலும் உத்தியோகம் இல்லை என்ற எச்சரிக்கையோடு.

மறியலில், சிறைக் கம்பிக்குப் பின்னால் இருந்த அண்ணையைப் பார்க்கப் போனேன். நான் அடித்த தோள் வீங்கிக் கறுத்திருந்தது. கையைத் தூக்க முடியவில்லை.

"எலும்பை உடைச்சுப்போட்டாய்" என்றார்.

"இல்லாட்டி அவன் செத்திருப்பான் அண்ணை. உங்களைத் தூக்கிலை போட்டிருப்பாங்கள்."

கம்பிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "வழக்குப் பேசுற பிரக்கிராசியார் சொல்லுறார், இந்தக் காயம் நல்ல சாட்சியாம். அவன்தான் முதல் மண்வெட்டியாலை அடிச்சவன், உயிரைக் காப்பாத்தத்தான் நான் வெட்டினது எண்டால் விட்டிடுவாங்களாம். நிண்டு பார்த்த ஆம்பிளை நீ ஒருதன்தான்."

நான் புறப்பட எழுந்தேன்.

"எங்களைப் பெத்த அப்பு சாகேக்கை உனக்கு எட்டு வயது" என்றார் அண்ணை. "துலா மிதிச்சு மிதிச்சு என்ரை உள்ளங்கால் வெடிச்சது, நீ பள்ளிக்கூடம் போக. நான் அதை ஒருநாளும் சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லுறன்."

சாட்சி சொல்லக் கோட்டுக்குப் போகிற காலை, நான் போட்ட மட்டைக் கட்டோடு அன்னம் வாசலில் நின்றாள்.

"மச்சான், என்னைக் கேட்டால் என்ன சொல்லுறது?"

"உன்னைக் கேக்கமாட்டினம்."

"ஓம், கேக்கமாட்டினம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

கோட்டில் எல்லாம் இங்கிலீசில் நடக்கும். நான் தமிழில் சொல்வதை முதலியார் ஒருவர் நீதவானுக்கு இங்கிலீசில் மாற்றிச் சொன்னார். எனக்கு இரண்டும் தெரியும். பொய் சொல்வதா, உண்மை சொல்வதா என்று முடிவெடுக்காமலே சாட்சிக் கூட்டில் ஏறினேன். யாரும் நம்பமாட்டீர்கள், ஆனால் அப்படித்தான்.

கந்தையாவின் தோளில் உள்ள காயம் எப்படி வந்தது என்று அண்ணையின் நியாயவாதி கேட்டார்.

"மண்வெட்டிப் பிடியாலை அடிச்சது" என்றேன்.

யார் அடித்தது என்று நான் சொல்லவில்லை. தமிழில் சொல்லாமலும் விடலாம். இங்கிலீசில் ஆளைச் சொல்வதே வழக்கம். முதலியார் ஒரு கணமும் தயங்காமல், 'அவன் மண்வெட்டிப் பிடியால் அடித்தான்' என்று மாற்றினார். நீதவான் எழுதினார். பேனா கடதாசியில் கிறுகிறுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இல்லை ஐயா, நான் அடித்தது என்று சொல்ல அப்போது ஒரு மூச்சு நேரம் இருந்தது.

நீதவான் நிமிர்ந்து ஏதோ கேட்டார். முதலியார் என் பக்கம் திரும்பினார்.

"அடிச்சது வேலுப்பிள்ளையோ?"

அண்ணை கைதிக் கூட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். வேலுப்பிள்ளை முன்வாங்கில் இருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை என்று நினைக்கிறேன். அவனைத் தூக்கிக் காரில் ஏற்றியவன் நான்.

"ஓம்" என்றேன்.

"வெட்டு விழ முன்னமோ?"

"ஓம்."

வேலுப்பிள்ளை எழுந்தான். இல்லாத கையால் வாங்கைப் பிடிக்கப்போய், தடுமாறி விழுந்தான். "டேய் செல்லையா!" என்ற அவன் குரல் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. சேவகர்கள் வந்து அவனை வெளியே இழுத்துப் போனார்கள். குடிலை எரித்த குடும்பம், கோட்டிலும் குழப்பம் செய்கிறது என்று நியாயவாதி சொன்னார். அதுவும் எழுதப்பட்டது.

அண்ணையை விட்டுவிட்டார்கள். பாக்கியத்துக்கு, முதலில் அடித்தவனின் மனைவி என்று இரக்கம் பாராமல், ஒரு வருஷம் கடூழிய மறியல்.

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அன்னம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். ஒற்றைக் கையால் கொத்தினாள். அண்ணை தடுக்கப் போனார். அவள் மண்வெட்டியை அவருக்கு நேரே ஓங்கினாள். அவர் பின்வாங்கினார். சூரியன் சாயும் வரை கொத்தி, ஒரு தண்டு மிச்சமில்லாமல் இழுத்து வெளியே போட்டாள். வேர்க்கிழங்கின் சின்னத் துண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் இந்தச் செடிக்குப் போதும். பத்து நாளில், நான் பயணப்பட முன்னரே, வாய்க்கால் ஓரமாகப் பச்சை முனைகள் ஊசி ஊசியாக வெளியே வந்தன.

7

சுன்னாகம் ஸ்டேசனில் ரயிலுக்குக் காத்து நின்றேன். வழியனுப்ப அண்ணை வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

வேலுப்பிள்ளை மேடையில் நடந்து வந்தான். வலத்தோளில் சால்வையை மடித்துப் போட்டு மூடியிருந்தான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். என் முன்னால் வந்து நின்றான். ஓடலாமா என்று என் கால் நினைத்தது.

"நீ போட்ட கட்டு நல்ல கட்டாம்" என்றான். "அந்தக் கட்டு இல்லாட்டி வழியிலையே முடிஞ்சிருப்பன் எண்டு டாக்குத்தர் சொன்னவர். அதுக்கு உனக்கு நன்றி சொல்ல வேணும். சொல்லிப்போட்டன்."

பிறகு இடக்கையால் என் கன்னத்தில் அறைந்தான். பழக்கமில்லாத கை. அறை காதில் விழுந்தது. என் தலை பின்னால் இருந்த தூணில் மோதியது. வாய்க்குள் இரத்தம் உவர்த்தது.

"இது மற்றதுக்கு" என்றான்.

மேடையில் நின்றவர்கள் ஓடிவந்து அவனைப் பிடித்தார்கள். விடுங்கோ, அவர் என்ரை மச்சான் என்றேன். வலக்காதில் அன்று தொடங்கிய இரைச்சல் இன்னும் இருக்கிறது.

8

இங்கே திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். காலை ஏழு மணிக்குக் கட்டு மாற்றுவது, பத்து மணிக்கு மருந்து, மத்தியானம் விபத்து வந்தால் விபத்து. கை வெட்டுப்பட்ட ஒருவன் வந்தால் மட்டும் காயம் கட்டும் மற்ற டிரெசரைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போய் நிற்பேன். அண்ணையின் கடிதம் மாதம் ஒன்று வரும். வேலுப்பிள்ளையால் இறைக்க முடியவில்லை, கிணற்றுப் பங்கை எங்களுக்கே எழுதித் தந்துவிட்டான் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. எல்லாம் உன்னால்தான் தம்பி என்று அன்போடு எழுதியிருந்தார்.

பள்ளிக்கூடத் தோட்டப் போட்டிக்கென்று கமலம் யாரிடமோ ஒரு குடைத் தலையை வாங்கி வந்து, அவர்கள் சொன்னபடி தண்ணீரில் தலைகீழாகப் போட்டாள். முளைத்தது. எட்டு மாதம் நான் அதைத் தவிர்த்துப் பின்வாசலால் போய் வந்தேன். போன சனிக்கிழமை அவள் சாடியைப் பின்வாசலுக்கு மாற்றியிருந்தாள். அப்பாவின் கண்ணில் படட்டும் என்று.

நடந்ததை எழுதி அவளிடம் கொடுக்கலாம் என்றால், அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஞாயிற்றுக்கிழமை காலை முன்னால் இருத்தி வாயால் சொன்னேன். சீதனம் என்றால் என்ன, துலா என்றால் என்ன என்று இடையிடையே கேட்டாள். என் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளுக்கும் நான் அதுவரை சொன்னதில்லை.

முடித்ததும் கமலம் கேட்டாள். "அந்த மாமா கையில ஒண்ணுமே இல்லையா?"

"இல்லை."

"தங்கச்சியத் தூக்கத்தானே குனிஞ்சாரு?"

"ஓம்."

"அந்த அத்தை ஜெயிலுக்குப் போனது உங்களாலயா?"

அவள் தாய் "கமலம்!" என்று அதட்டினாள்.

"ஓம்" என்றேன்.

கமலம் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். கோபப்பட்டுப் போகவில்லை. பாயின் விளிம்புவரை நகர்ந்து, என்னைப் புதிதாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து நான் பட்ட அடிகளில் அதுதான் பெரிது.

9

திங்கட்கிழமை இங்கே ஒரு நியாயவாதியிடம் போனேன். மண்வெட்டியைத் தூக்கியவன் நான், அண்ணையை அடித்தவன் நான், வேலுப்பிள்ளை வெறுங்கையோடு தங்கச்சியைத் தூக்கக் குனிந்தவன் என்று இங்கிலீசில் எழுதி, சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். இந்த முறை யாரும் மாற்றிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பொய்ச்சத்தியத்துக்கு மறியல் உண்டு, உத்தியோகமும் பென்சனும் போகும் என்று அவர் இரண்டு தரம் எச்சரித்தார். தெரியும் என்றேன். ஒரு பிரதியைக் கோட்டுக்கும் ஒன்றை வேலுப்பிள்ளைக்கும் அனுப்பினேன். செய்யப்போவதை அண்ணைக்குத் தந்தியில் அறிவித்தேன். ஒளித்துச் செய்ய விரும்பவில்லை. மறுநாளே லீவுக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில், 'கோட்டில் உண்மை சொல்ல' என்று எழுதினேன். தலைமைக் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இதுவரை எழுதி மூன்று கிழமை வைத்திருந்தேன். நேற்று அண்ணையின் பதில் வந்தது. நான்கே வரி.

"நான் மிதிச்ச துலாவாலை படிச்சவன் நீ. எனக்கே குழி வெட்டுறாய். இனி இந்த மண்ணிலை கால் வைச்சால், அண்டைக்கு அவனுக்குச் செய்ததை உனக்குச் செய்வன். தடுக்க இன்னொரு தம்பி இல்லை."

அண்ணை வீண்வார்த்தை பேசுகிறவர் அல்ல. வாசித்துவிட்டு மடிக்கும்போது, கடதாசியின் அடியில் பென்சிலால் எழுதியிருப்பதைக் கண்டேன். எழுத்துகள் சரிந்து கோணலாக இருந்தன. முறிந்த மணிக்கட்டு நேராகப் பொருந்தவில்லை என்று அதில் தெரிந்தது. கடிதத்தைத் தபாலில் சேர்க்க அண்ணை அன்னத்திடம்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"மச்சான், அண்டைக்கு என்னை ஒருதரும் கேக்கேல்லை. இந்த முறை கேளாமலே சொல்லுவன். கெதியா வா."

பினாங்கிலிருந்து வியாழக்கிழமை கப்பல்.